சிசிலியில் சைவச் சாப்பாடு

கேள்வி: மாட்டுங்காவில் வசிக்கும் எங்கள் குடும்பத்தார் நால்வர், 8 நாள் குழுச் சுற்றுலாவில் இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அனைவரும் சைவம், 70 வயதைக் கடந்த என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. தினமும் இரவில் இந்திய உணவு தருவதாகப் பயண நிறுவனத்தார் சொல்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: கட்டலாம். ஆனால் அந்த இந்திய இரவுணவைப் பெரிய சலுகையாக எண்ணிவிடாதீர்கள். அதற்காகப் பேருந்து குறிப்பிட்ட உணவகத்துக்கு நேரத்தோடு திரும்ப வேண்டியிருப்பதால், மாலை வெயில் சாயும்போது பார்க்க வேண்டிய இடம் எதுவோ அதுதான் பெரும்பாலும் கைவிடப்படும். மூன்று இரவுகளாவது உள்ளூர் உணவுக்கு ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.

சிசிலியில் சைவ உணவுக்குப் பஞ்சமில்லை. பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கொண்டைக்கடலை மாவைக் கிளறி ஆறவைத்து, வில்லைகளாக வெட்டிப் பொரித்து, ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருகிறார்கள்; பனெல்லே என்று பெயர். வடா பாவ் தின்று பழகிய நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது. பொரித்த கத்தரிக்காயுடன் செலரி, ஆலிவ், வினிகர், சர்க்கரை சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்போனாத்தாவை, நம் கொத்சுவுக்குத் தூரத்து உறவு என்றே சொல்வேன். கட்டானியா நகரத்தின் கத்தரிக்காய்ப் பாஸ்தாவான நோர்மாவையும் விட்டுவிடாதீர்கள்.

ஏமாற்றுபவை வேறு. அரான்சீனி என்ற சோற்று உருண்டைக்குள் பல கடைகளில் இறைச்சி இருக்கும். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்திலி கலந்திருக்கும். கன்னோலி இனிப்பின் மொறுமொறுப்பான ஓட்டில் மரபுப்படி பன்றிக் கொழுப்பு சேரும். ‘வெஜ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சென்சா கார்னே, சென்சா பேஷே’, அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மாமியாரைப் பொறுத்தவரை, அட்டவணையில் எத்தனை ஊர்கள் உள்ளன என்பதைவிட, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை மணி நேரம் நிற்பார்கள் என்று கேட்பதே முக்கியம். அக்ரிஜெந்தோவில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கோயில்கள் ஒரு நீண்ட மேட்டில் வரிசையாக நிற்கின்றன, நிழல் குறைவு. கிழக்கே உயரத்திலுள்ள ஜூனோ கோயிலில் தொடங்கினால், தூண்களும் முகப்பும் பெரிதும் சிதையாத கொன்கோர்தியா கோயில் வரை இறக்கத்திலேயே நடந்துவிடலாம். வழிகாட்டி மேற்கு வாசலில் இறக்கிவிட்டால் அத்தனையும் ஏற்றம்! எட்னா எரிமலையில் ஏறத்தாழ 2,500 மீட்டர் வரை கேபிள் கார் செல்கிறது. அங்கே குளிரும் என்பதால் சால்வை அவசியம். மலையேற முடியாவிட்டாலும் குறையில்லை: சிராகூசாவின் பேராலயம், அதேனா தேவியின் பழைய கோயில் தூண்களைச் சுவருக்குள் அப்படியே வைத்துக் கட்டப்பட்டது, சமதரையில் நின்றே பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் செல்லுங்கள். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். மூட்டு வலி போன்ற பழைய நோய்களுக்கு அது பொருந்துமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.