கொடைக்கானல் பியானோ 40,000, சென்னை பியானோ 1,85,000: எதை வாங்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் சர்ச் பியானோவில் பயிற்சி. இனி வீட்டிலேயே நிஜப் பியானோ வேண்டும் என்கிறார் டீச்சர். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் இருக்கும் பழைய இங்கிலீஷ் பியானோ 40,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னையில், 1980களில் செய்து இப்போது புதுப்பித்த யமஹா யூ1 ஒன்றுக்கு 1,85,000 சொல்கிறார்கள். 35,000 கட்டினால் மீதிக்கு 15% வட்டியில் 36 மாதத் தவணை. எங்கள் இருவர் சம்பளம் 74,000. வீட்டுக் கடன், 5,000 ரூபாய் சீட்டு, குடும்பச் செலவு எல்லாம் போக மாதம் பத்தாயிரம் மிஞ்சும். ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஐந்து மாதத்தில் முடிகிறது, இன்னும் எடுக்கவில்லை. வங்கி டெபாசிட் 1,50,000 இருக்கிறது. தவணையில் வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, கொடைக்கானல் பியானோவே போதுமா? வீடு முதல் மாடியில் இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: கொடைக்கானல் பியானோவை விட்டுவிடுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த 40,000 உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பியானோவைப் பீரோ, கட்டில் மாதிரி ஒரு மரச்சாமானாக நினைத்து விலை பேசிவிடுகிறோம். உள்ளே 200க்கு மேற்பட்ட கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கும் அதிகம். ஒவ்வொரு கம்பியின் முனையும் ஓர் ஆணியில் சுற்றியிருக்கிறது, அந்த ஆணிகளை இறுகப் பிடித்திருப்பது ஒரு மரக்கட்டை. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். எத்தனையோ வருடம் மலைக்காற்றின் ஈரத்தில் நின்ற மரத்தை மதுரையின் சித்திரை வெயிலுக்கு இறக்கினால் என்ன ஆகும்? கட்டை சுருங்கி ஆணியின் பிடி தளரும், சுதி நிற்காது. கம்பிகளின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஒலிப்பலகையில் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி ஒன்றை ஆசையாக இறக்கினார்கள். ட்யூனர் வந்து சுதி சேர்த்துவிட்டுப் போன மாதமே கலைந்துவிட்டது. கட்டையை மாற்றக் கேட்ட தொகை, வாங்கிய விலையைத் தாண்டியது. இப்போது அதன் மேல் குடும்பப் படங்கள் நிற்கின்றன. அந்தக் குழந்தை வாசிப்பதை நிறுத்திவிட்டாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மனசு கேட்காமல் ஒரு தடவை போய்ப் பார்ப்பதாக இருந்தால், மேல் மூடியைத் திறந்து பாருங்கள். கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களுக்கு முன்னால் கூண்டுக் கம்பி போல வரிசையாக மெல்லிய கம்பிகள் நின்றால் அது பழைய காலத்து அமைப்பு. அதில் கை வைக்கவே பல ட்யூனர்கள் தயங்குவார்கள். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சரி, யூ1. 121 செ.மீ. உயரம், விரலால் அழுத்தும் கட்டைகள் 88, நல்ல மாடல், இன்றும் அதே பெயரில் புதிதாக வருகிறது. ஆனால் 1,85,000 என்பது கடையில் நிற்கும் விலை. உங்கள் வீட்டில் நிற்கும் விலை வேறு. சுமார் 230 கிலோவை முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கூலி விலைக்குள் வருகிறதா என்று எழுதி வாங்குங்கள். வந்த பின் மூன்று, நான்கு வாரம் வீட்டின் காற்றுக்குப் பழக விட்டுத்தான் சுதி சேர்க்க வேண்டும். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்காலம் முடிந்து ஒன்று, கோடை முடிந்து ஒன்று. ட்யூனர் வெளியூரிலிருந்து வருவார் என்று வைத்து, பயணத்தோடு ஒரு தடவைக்கு 5,000 ஒதுக்குங்கள். ஏற்றுகூலி, முதல் வருடச் சுதி, சின்னப் பழுது எல்லாம் சேர்த்து 25,000. ஆக, உங்கள் இலக்கு 2,10,000.

தவணை வேண்டாம். 1,50,000 கடனுக்கு 15% வட்டியில் மாதம் 5,200 வரும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 37,200. ஏறக்குறைய நான்கு வருடச் சுதிச் செலவு அது. அதைவிட எனக்குப் பயம், தவணை ஓடும்போது கை இறுகி, ட்யூனரைக் கூப்பிடுவதைத்தான் முதலில் தள்ளிப்போடுவீர்கள். நகை அடகில் வட்டி குறையலாம். ஆனால் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி வைப்பது எத்தனை வீட்டில் வழக்கமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். டெபாசிட்டும் தொடக் கூடாதது. உங்கள் வீட்டுக்கு அது இரண்டு மாதச் செலவுக்கான பணம், அதுவே குறைவு.

இப்படிச் செய்யுங்கள். இந்த மாதமே வங்கியில் 8,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. சீட்டை இடையில் தள்ளி எடுக்காமல் கடைசி வரை விடுங்கள், கமிஷன் போக 95,000 என்று வையுங்கள். ஐந்தாம் மாத முடிவில் 1,35,000 சேர்ந்திருக்கும். அதன்பின் சீட்டுக்குக் கட்டிய 5,000 ரூபாயும் இதில் சேர்ந்து மாதம் 13,000. இன்னும் ஆறு மாதத்தில் 2,13,000. மொத்தம் பதினோரு மாதம். அதுவரை மகளுக்கு வார நாட்களிலும் இரண்டு மாலை சர்ச் பியானோவைத் தரச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் 50,000 போட்டு டிஜிட்டல் பியானோ வாங்கினால் இந்தக் கணக்கு நான்கு மாதம் பின்னால் போய்விடும்.

இன்று பார்த்த அதே பியானோ விற்றுப்போகலாம். போகட்டும், யூ1 பழையது மறுபடி வரும். கையில் காசு சேர்ந்ததும், முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ட்யூனரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆணியின் இறுக்கம், கம்பியில் துரு, சுத்தியல் கம்பளியில் பள்ளம், பூச்சி அரிப்பு, ஒலிப்பலகை எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும். வரிசை எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்றும் சொல்லிவிடுவார். அதற்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சர்ச் பியானோவுக்குச் சுதி சேர்க்க யார் வருகிறார் என்று இந்த ஞாயிறே விசாரியுங்கள். மதுரைக்கு வர அவர் என்ன வாங்குகிறார் என்று கேட்டு, நான் போட்ட 5,000 இருக்கும் இடத்தில் அந்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்.