பெரிய டியூபா என்றால் தாமதமாகத்தான் பேசுமா?

கேள்வி: எங்கள் சபை பேண்டில் டியூபா (தாழ்ந்த சுரம் தரும் பெரிய பித்தளை ஊதுகருவி) ஊதும் மகனுக்கு 15 வயது. தரகர் ஒருவர் இரண்டு பழைய கருவிகளைக் காட்டினார், ஒன்று பி ஃபிளாட் சுருதி, மற்றது இ ஃபிளாட் சுருதி. பி ஃபிளாட் கனமாக ஒலிக்கிறது, ஆனால் ஊதிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. இ ஃபிளாட் உடனே பேசுகிறது, ஒலிதான் மெலிவு. “பெரிய டியூபா அப்படித்தான், பழகிவிடும்” என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: தரகர் சொன்னதில் பாதி உண்மை. பி ஃபிளாட் டியூபாவின் குழாயை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 18 அடி, இ ஃபிளாட் 13 அடி. நீளமான குழாய்க்கு மூச்சு கூடுதலாக வேண்டும்தான். ஆனால் அந்தத் தாமதம் கசிவாலும் இருக்கலாம். அதை அவர் சொல்லமாட்டார்.

நீங்களே பாருங்கள். வால்வை (விரலால் அழுத்தும் பொத்தானை) அழுத்தாமல், அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டும் வளைகுழாயை) இரண்டு அங்குலம் இழுத்துப் பிடியுங்கள். ஐந்து எண்ணிவிட்டு வால்வை அழுத்துங்கள். ‘பட்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ கசியும் கருவி, எத்தனை வருடம் பழகினாலும் தாமதம் போகாது. மேலே பூசிய புது லாக்கர் (பளபளப்புப் பூச்சு) மினுக்கத்தில் மயங்காதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கவும் அதே லாக்கர்தான்.

ஒலியை ஊதுபவன் பக்கத்தில் நின்று தீர்மானிக்கக் கூடாது. மகனை ஊதச் சொல்லிவிட்டு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பக்கத்தில் மெலிவாகத் தெரிந்த இ ஃபிளாட் அங்கே ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். 15 வயதுக்கு நான் அதையே சொல்வேன்.

ஒன்றைத் தவிர. அந்த இ ஃபிளாட் பழைய இங்கிலாந்துக் கருவியா? 1960கள் வரை அங்கே பிராஸ் பேண்டுகள் ‘ஹை பிட்ச்’ என்ற உயர்ந்த சுருதியில் ஊதின. இன்றைய கீபோர்டில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் அதில் 452 சொச்சம். கிட்டத்தட்ட கால் சுர வித்தியாசம், காதில் குத்தும். மெயின் ஸ்லைடை (மொத்தச் சுருதியையும் மாற்றும் ஸ்லைடை) முழுக்க இழுத்தும், போனில் சுருதி காட்டும் டியூனரின் முள் மேலேயே நின்றால் விட்டுவிடுங்கள். “ஸ்லைடை நீட்டித் தருகிறேன்” என்பார்கள். மெயின் ஸ்லைடை மட்டும் நீட்டினால் வால்வு அழுத்தாத சுரங்கள் சேரும், வால்வு அழுத்தும் சுரங்கள் சேராது. ஒவ்வொரு வால்வின் குழாயையும் நீட்ட வேண்டும், அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர் அபூர்வம். பேண்டு முழுவதும் அதே காலத்துக் கருவிகள் என்றால் தங்களுக்குள் ஒத்துப்போகும். கீபோர்டு சேர்ந்ததும் குட்டு வெளிப்படும்.

சபைக் காசு என்றால் கமிட்டி மூன்று கொட்டேஷன் கேட்கும். எந்தச் சுருதி, எத்தனை வால்வு என்று எழுதாமல் ‘டியூபா – 1’ என்று போட்டு, குறைந்த விலைக்கு டிக் அடிக்கும். ஒரு தடவை அப்படி வந்த கருவியைப் பிரித்தேன். உள்ளே பெயின்ட் வாசனை!

மகனுடைய மவுத்பீஸையே கொண்டுபோங்கள், தரகர் தருவதில் ஊத வேண்டாம். பழைய இ ஃபிளாட்டில் மவுத்பீஸ் நுழையும் துளை சிறியதாக இருக்கலாம், மவுத்பீஸ் பாதியில் நின்றால் பயப்படாதீர்கள். அதற்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.