வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா? நெல்லை வாசகர்களின் கேள்விகள்

பரீட்சை முடியும் நேரம் வந்தாலே கேட்ஜெட் பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் வி.ஆர். ஹெட்செட் பற்றித்தான், அதாவது கண்ணில் மாட்டினால் வேறோர் உலகத்துக்குள் நிற்பது போலக் காட்டும் கருவி. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கிற மகன் பொருட்காட்சியில் வி.ஆர். மாட்டிப் பார்த்ததிலிருந்து வீட்டில் ஒன்று வேண்டும் என்று நிற்கிறான். ஆன்லைனில் 500 ரூபாய்க்கும் இருக்கிறது, 50,000 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே பொருள்தானா? (வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. 500 முதல் 1,500 ரூபாய் வரை விற்பது வெறும் பெட்டி. அதில் இரண்டு லென்ஸ், ஒரு பட்டை, போன் வைக்க ஓர் இடம், அவ்வளவுதான். கூகுள் 2014-இல் அட்டையில் செய்து காட்டியது இதைத்தான். 2021 மார்ச்சில் அதன் விற்பனையை அவர்களே நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் 2023-இல் ஜியோ 1,299 ரூபாய்க்குக் கொண்டுவந்த ஜியோடைவும் இதே வகைதான், ஐ.பி.எல். பார்ப்பதற்காக விளம்பரம் செய்தார்கள். இந்தப் பெட்டியில் கழுத்தைத் திருப்பினால் படமும் திரும்பும். ஆனால் ஓர் அடி முன்னே எடுத்து வைத்தால் படம் நகராது. கால் நடக்கிறது, கண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தலைசுற்றலும் குமட்டலும் பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன. போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் வேறு அதில் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. யூடியூபில் ஒரு 360 டிகிரி வீடியோவை ஓடவிட்டுப் போனை மெல்லத் திருப்பிப் பாருங்கள். படம் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. விட்டு விட்டு எகிறினால் அந்தப் போனுக்குப் பெட்டி வாங்க வேண்டாம். இங்கே சித்திரை, வைகாசியில் மூடிய பெட்டிக்குள் போன் எவ்வளவு சூடாகும் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் மகன் கையில் ரிமோட் போல ஒன்றைப் பிடித்துக்கொண்டு விளையாடியிருந்தால், அது போன் வேண்டாத, தனியாக இயங்கும் ஹெட்செட். இன்றைக்கு வீட்டு உபயோகத்தில் அதிகம் பேசப்படுபவை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு மாடல்கள். குவெஸ்ட் 3, 2023 அக்டோபரில் 499.99 டாலருக்கு வந்தது. குவெஸ்ட் 3எஸ், 2024 அக்டோபரில் 299.99 டாலருக்கு வந்தது. டாலருக்கு 90 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 3எஸ் சுமார் 27,000, குவெஸ்ட் 3 சுமார் 45,000. அமெரிக்காவில் இதற்கு மேல் விற்பனை வரியும் உண்டு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் உங்கள் திரையில் தெரிகிற விலைக்கும் இடையே இருப்பதுதான் சுங்கமும் கொண்டுவந்தவர் லாபமும். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால், கூடுதல் பணத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பில், வாரண்டி, கெட்டால் பொறுப்பேற்க ஓர் ஆள்: இவை கிடைத்தால் கூடுதல் பணம் நியாயம். கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

இரண்டில் எது என்றால், முதல் ஹெட்செட்டுக்கு 3எஸ் போதும். உள்ளே இருக்கும் சிப் இரண்டிலும் ஒன்றே, விளையாட்டுகளும் ஒன்றே. வித்தியாசம் கண்ணாடியில் இருக்கிறது. 3எஸ்ஸின் லென்ஸில் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளி லேசாக ஈஷியிருக்கும். பார்வையை ஓரத்துக்குக் கொண்டுபோனால் எழுத்து மங்கும். குவெஸ்ட் 3-இல் ஓரம் வரைக்கும் தெளிவு. இன்னொன்று, இரு கண்களுக்கும் இடையிலான தூரம். அதற்கேற்ப லென்ஸ்களை நகர்த்தி வைக்க 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும்போதே மகனுக்கு இந்த அளவையும் எடுத்துக் கொடுப்பார்கள். 58-க்கு ரொம்பக் கீழே இருந்தால் படம் கலங்கும், கண் வலிக்கும். அப்படியானால் 53 வரை இறங்குகிற குவெஸ்ட் 3-ஐப் பாருங்கள், அல்லது இரண்டு வருடம் பொறுங்கள்.

வயது விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மெட்டா கணக்குக்கு 13 வயது ஆக வேண்டும். 10 முதல் 12 வரை பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கு மட்டும்தான். அதற்கும் கீழே இருக்கும் தங்கச்சி, தம்பிக்கு மாட்டிவிடாதீர்கள்.

விலையோடு செலவு முடிவதில்லை. நல்ல விளையாட்டுகள் பலவற்றுக்குத் தனியாகக் காசு. வீட்டில் வை-ஃபை கட்டாயம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குப் பென்சில் செல், அதாவது டபுள் ஏ பேட்டரி. நின்று விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசல் நீளமாக இருக்கும், அகலம் இருக்காது. நடுவில் தாழ்வாக ஒரு மின்விசிறியும் தொங்கும். மகன் அதன் நேர் கீழே நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மச்சான் துபாயில் இருக்கிறார், ரமலானுக்கு ஊருக்கு வருகிறார். அங்கேயிருந்து வாங்கிவரச் சொன்னால் லாபமா? ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா? (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: பிடிப்பார்களோ என்று பயந்து பெட்டியைப் பிரித்து, துணிக்குள் சுற்றிக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய பொருள்களுக்கு ஒரு மதிப்பு வரம்பு உண்டு. 2016 பேக்கேஜ் (பயணிகள் சாமான்) விதிகளில் இருந்த 50,000 ரூபாய் வரம்பை வைத்துப் பார்த்தாலே, மேலே சொன்ன கணக்குப்படி 3எஸ்ஸும் சரி, குவெஸ்ட் 3-உம் சரி, அதற்குள் அடங்கிவிடும். ஆனால் வரம்பு ஹெட்செட்டுக்கு மட்டுமல்ல. மச்சான் கொண்டுவரும் போன், வாட்ச், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் கூட்டித்தான் மதிப்புப் பார்ப்பார்கள். கூடவே வருகிறவரின் வரம்போடு சேர்த்துக் கணக்குக் காட்டவும் முடியாது. கடை பில்லைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வரம்பைத் தாண்டினால் ஏர்போர்ட்டில் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டு, தாண்டிய தொகைக்கு வரி கட்டிவிட்டு வருவதுதான் நிம்மதி. பேட்டரி உள்ள சாமான் என்பதால் கைப்பையில் வருவது நல்லது. கூரியரில் அனுப்பினால் இந்தச் சலுகை எதுவும் கிடைக்காது, சுங்கவரியும் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யும் (ஐ.ஜி.எஸ்.டி.) சேர்ந்துவிடும்.

லாபமா என்றால், விலையில் லாபம், வாரண்டியில் நஷ்டம். வாரண்டி பொதுவாக விற்ற நாட்டோடு கட்டுப்பட்டது. ஆறு மாதத்தில் ஒரு கன்ட்ரோலர் கெட்டால், கொண்டுபோய்க் கொடுக்க ஜங்ஷனிலும் இடமில்லை, மதுரையிலும் இல்லை. திரும்ப மச்சான் பெட்டியில்தான் போக வேண்டும். அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது வந்துபோகிறவர் என்றால் துணிந்து வாங்கலாம். வரும் முன்பே அங்கே பெட்டியைப் பிரித்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். சார்ஜர் முள் நம் ஊர் பிளக்குக்கு ஒத்துவராவிட்டால் கவலைப்பட வேண்டாம். டைப் சி கேபிள்தான், 18 வாட் சார்ஜர் ஏதாவது இருந்தால் போதும்.

கேள்வி: ஆன்லைனில் 'இறக்குமதி' என்று போட்டிருந்த ஹெட்செட் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் வலது கண்ணில் மஞ்சளாக ஒரு கோடு. விற்றவர், 'இம்போர்ட் அயிட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். பணம் போனதுதானா? (அம்பாசமுத்திரம்)

பதில்: போகவில்லை. அந்தக் கோடு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்றவர் அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். ஹெட்செட்டின் லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வெயில் லென்ஸ் வழியாக உள்ளே இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே திரை பொசுங்கிவிடும். பூமி நகர நகர ஒளிப்புள்ளியும் நகர்வதால், பல நேரம் அது புள்ளியாக இல்லாமல் புழு ஊர்ந்த தடம் போல வளைந்த கோடாகத் தெரியும். புதுப்பெட்டியில் அப்படி ஒரு கோடு இருக்கிறதென்றால், யாரோ பயன்படுத்தியதைத் துடைத்துப் புதிதென்று விற்றிருக்கலாம். பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோ இருந்தால் அதுதான் உங்களுக்குப் பெரிய பலம். இல்லாவிட்டாலும் இன்றைக்கே லென்ஸ் வழியாகத் தெரிவதைப் போனில் படமெடுத்து, வாங்கிய தளத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். போன் பேச்சு போதாது.

2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பழுதான பொருளை, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. 'இறக்குமதி' என்பதற்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்து இங்கேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு எண்: இத்தனையும் ஒரு ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லையென்றால் அது தனிக் குற்றம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் அதற்குப் புகார் கொடுக்கலாம். இனி வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். சாட்டில் கேட்டால் போதும். நேர்மையான வியாபாரி அனுப்புவார். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அறிவியல் பாடத்துக்குப் பத்து ஹெட்செட் வாங்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் பயன்படுமா? (பாளையங்கோட்டை ஆசிரியை)

பதில்: டீச்சர், பத்து வேண்டாம். ஒன்று வாங்குங்கள், மிஞ்சினால் இரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளை மாட்டி, பட்டையைச் சரிசெய்து, பார்த்து, கழற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆகிவிடும். சார்ஜ் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் நிற்கும். பத்துக்கும் சார்ஜ் போட்டு, அப்டேட் போட்டு, வேர்வை துடைத்து வைக்க ஓர் ஆள் தனியாக வேண்டும். அந்த ஆள் கடைசியில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஒரு ஹெட்செட்டில் தெரிவதை வகுப்பு டி.வி.யில் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு மாணவி இதயத்துக்குள் நடக்க, மற்றவர்கள் டி.வி.யில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். மீதிப் பணத்தில் மைக்ராஸ்கோப் வாங்குங்கள். பிள்ளைகளைக் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கும் கூட்டிப் போகலாம்.

முகத்தில் படும் பஞ்சுக்கு மேல் சிலிகான் உறை போடுங்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே அதைத் துடைத்துவிடலாம். லென்ஸை மட்டும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால்தான் துடைக்க வேண்டும். சானிடைசர் படவே கூடாது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் எச்.பி. ரிவெர்ப் ஜி2 ஹெட்செட் மலிவாக வருகிறது. படம் அருமை என்கிறார்கள். வாங்கவா? (இன்ஜினீயரிங் மாணவர், வள்ளியூர்)

பதில்: வாங்காதீர்கள் தம்பி. படம் அருமைதான். ஆனால் அது கம்ப்யூட்டரில் இணைத்து, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை நம்பி ஓடுவது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். விலை மலிந்ததன் காரணமே இதுதான். லெனோவோ, ஏசர் பெயரில் வந்த அதே குடும்பத்து ஹெட்செட்டுகளுக்கும் இதே கதை. மெட்டாவின் பழைய குவெஸ்ட் 2 கிடைத்தால், விற்பவர் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து அதை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் ஏற்றிக் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் பி.எஸ்.5 கேம் கன்சோல் இருக்கிறது. சோனியின் வி.ஆர்.2 ஹெட்செட் நல்லதா? (தச்சநல்லூர்)

பதில்: பி.எஸ்.5 ஏற்கெனவே இருப்பதால் யோசிக்கலாம். அது தனியாக ஓடாது, ஒயர் போட்டு இணைக்க வேண்டும், ஆனால் திரை தரமானது. 2023 பிப்ரவரியில் 549.99 டாலருக்கு வந்து, 2025 மார்ச்சில் 399.99 ஆகக் குறைந்தது. இந்த 150 டாலர் குறைப்பு நீங்கள் பார்க்கும் விலையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே தள்ளுகிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: பொறுத்திருந்தால் விலை குறையுமா? (களக்காடு)

பதில்: குறையும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். குவெஸ்ட் 2 வந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில் 100 டாலர் ஏற்றினார்கள். குவெஸ்ட் 3-இன் 512 ஜி.பி. மாடலை 2024-இல் 150 டாலர் இறக்கினார்கள். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 3,499 டாலர் ஆப்பிள் விஷன் ப்ரோவும், 1,799 டாலர் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்.ஆரும் இந்தக் கணக்கிலேயே வராது. உங்களுக்குத் தேவை இருந்து, பில்லும் பொறுப்பேற்க ஆளும் கிடைத்து, விலையும் மேலே சொன்ன டாலர் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே வாங்கலாம். வாங்கியதும் ஜன்னல் திண்டில் வைக்காமல், லென்ஸ் வெளியே தெரியாதபடி உறையில் போட்டு பீரோவுக்குள் வையுங்கள்.