காமிசோரியில் சவரம்: கேட்டவையும் சொன்னவையும்

ஜப்பானியர்களின் மடக்காத சவரக்கத்தி காமிசோரி. அதில் ஷேவ் செய்யக் கற்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணே, நம்ம ஊர் சலூன் கத்திக்கும் காமிசோரிக்கும் கைப்பிடி மட்டும்தான் வித்தியாசமா?

இல்லை தம்பி. சலூன் கத்தி மடங்கும், காமிசோரி மடங்காது. அலகும் பிடியும் ஒரே உலோகத் துண்டு. பிடியில் பெரும்பாலும் பிரம்பு சுற்றியிருப்பார்கள். அலகு குட்டை, முதுகு தடிமன். முக்கியமான வித்தியாசம் அலகின் இரண்டு முகங்களில் இருக்கிறது. மடக்குக் கத்தியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குடைந்திருக்கும். காமிசோரியில் ஒரு பக்கம் நன்றாகக் குடைந்தும், மறுபக்கம் அதைவிடத் தட்டையாகவும் இருக்கும். ஒரே பக்கம் தோலில் படும்படி பிடிப்பதுதான் ஜப்பானிய முடிதிருத்துநர்களின் பழைய பழக்கம். அடுத்தவர் முகத்துக்கு அது வசதி. தன் முகத்தைத் தானே மழிக்கும்போது மணிக்கட்டு படாத பாடு படும். அதனால் வீட்டில் மழிப்பவர்கள் பலர் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான். குற்றமில்லை.

இன்னொன்று, பழைய முறைக் காமிசோரி முழுக்கக் கடின எஃகு அல்ல. மெல்லிய கடின எஃகை மென்மையான இரும்போடு சேர்த்து அடித்திருப்பார்கள். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கடினமாக இருக்கும். மற்ற இடம் மென்மையாக இருப்பதால் கல்லில் தீட்டுவது சுலபம்.

கேள்வி: இணைய ஏலத்தில் பழைய காமிசோரி மலிவாகக் கிடைக்கிறது. முதல் கத்தியாக வாங்கலாமா?

வேண்டாம். பழையதில் துருவைவிடப் பெரிய தொல்லை, கோணலாகத் தீட்டித் தீட்டித் தேய்ந்திருப்பது. முதுகு ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒடுங்கியும் தெரிந்தால், அந்தக் கத்தி கல்லில் சமமாக உட்காராது. வாயை ஒட்டிக் கரும்புள்ளிகளாகத் துரு இருந்தால், தீட்டும்போது அந்த இடம் பொடிந்து உதிரும். படத்தைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். தீட்டித் தயாராகத் தருபவரிடம் வாங்குங்கள். நல்ல வாய் எப்படி இருக்கும் என்பது முகத்துக்குத் தெரிந்த பிறகு ஏலத்துக்குப் போகலாம்.

நல்ல கத்தி எங்கே செய்தார்கள் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். நீகாத்தா மாகாணத்தின் சான்ஜோ, கருவிகளுக்கும் கத்திகளுக்கும் பேர்போன ஊர். உலோகவியல் படித்துவிட்டுப் பட்டறைக்கு வந்த இவாசாகி கோசுகேயும் அவர் மகனும் அங்கே செய்த காமிசோரிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். வாள் செய்யும் தமாஹாகானே எஃகிலும், ஸ்வீடன் எஃகிலும் கத்தி அடித்தார்கள். தமாஹாகானே என்றதும் விலை எகிறும். மழிப்பதில் அந்த அளவு வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து; திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேடு மாற்றும் காமிசோரி இருக்கிறதே, அது ஏமாற்று வேலையா?

ஜப்பானிய சலூன்களிலேயே இப்போது பெரும்பாலும் அதுதான். கத்தி ஊரான செக்கியில் 1932ல் தொடங்கிய ஃபெதர் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வரிசையில் காமிசோரி வடிவப் பிடியும் உண்டு. தீட்டும் தலைவலி இல்லாமல் கையை மட்டும் பழக்க நல்ல வழி. ஆனால் அந்த பிளேடு மன்னிக்காது. கல்லில் தீட்டிய வாய் கொஞ்சம் இதமாக இருக்கும். இது லேசாக அழுத்தினாலே ரத்தம் காட்டும். புதியவர்கள், பிளேடின் விளிம்பில் காப்புள்ள ப்ரோகார்ட் வகையில் தொடங்குங்கள்.

கேள்வி: கத்தி வந்துவிட்டது சார். கையில் எடுத்தால் நடுங்குகிறது. முதல் நாள் எப்படி ஆரம்பிப்பது?

முதல் நாள் கன்னம் மட்டும். மிச்சத்தை உங்கள் வழக்கமான ரேசரில் முடியுங்கள். மோவாய், மேலுதடு, குரல்வளை மேடு மூன்றையும் சில வாரங்களுக்கு மறந்துவிடுங்கள்.

குளித்த கையோடு உட்காருங்கள், முடி ஊறியிருக்கும். தாடியை விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று பாருங்கள். வழுக்கும் திசைதான் முடியின் போக்கு. கழுத்தில் பலருக்கு அது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். நுரை ஈரமாக இருக்கட்டும். மொறமொறவென்று காய்ந்த நுரையில் கத்தி ஓடாது.

கட்டைவிரல் அலகின் அடியில் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மறுபக்கம். பிடியின் வால் உள்ளங்கைப் பக்கம் சும்மா கிடக்கட்டும். இறுக்கிப் பிடித்தால்தான் நடுக்கம் வரும். மறு கையின் விரல்களைக் கிருதாவுக்கு மேலே வைத்துத் தோலை மேல்நோக்கி இழுங்கள். விரல் வழுக்கினால் ஈரப் படிகாரக் கல்லை விரல் நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடிமானம் வரும். கத்தியைத் தோலில் படுக்க வைத்து, முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். சுமார் 30 டிகிரி போதும். இரண்டு, மூன்று செ.மீ. நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பாகப் போக்கோடு இறங்குங்கள். அழுத்தவே வேண்டாம். சரியாக ஓடினால் முடி அறுபடும் சத்தம் சன்னமாகக் காதில் விழும்.

ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்து வையுங்கள்: கத்தி வாயின் நீளவாக்கில் ஒருபோதும் நகரக் கூடாது. குறுக்கே இழுத்தால் மழிக்கும், நீளவாக்கில் வழுக்கினால் வெட்டும். பெரிய காயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அப்புறம், கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். போனால் போகட்டும்.

கேள்வி: காயம் எதுவும் இல்லை. ஆனால் முடியைப் பிடுங்குகிறது, அப்புறம் முகமெல்லாம் எரிகிறது.

பிடுங்கினால் வாய் மழுங்கியிருக்கிறது. எரிச்சல் என்றால் முதுகை அதிகம் தூக்கிச் சுரண்டுகிறீர்கள், அல்லது ஒரே இடத்தில் நுரை இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள். எதிர்ப்போக்கில் மழிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். முகப்பரு இருக்கும் இடத்தைச் சுற்றிப் போய்விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: தீட்டுவதைச் சொல்லுங்கள். எந்தக் கல், எத்தனை தடவை?

உண்மையான படிப்பு இதுதான். கத்தி சரியில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் கல்லிலும், வாயை நேர்த்தியாக்கத் தேய்க்கும் தோல்பட்டையிலும் தீர்ந்துவிடும்.

முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி படுக்க வையுங்கள். கோணத்தை முதுகின் தடிமனே பார்த்துக்கொள்ளும். நீங்கள் தூக்கினால் கெட்டது. கல்லின் எண் கூடக் கூட அதன் சொரசொரப்பு குறையும். 1000 கல்லில் இரண்டு பக்கச் சரிவும் வாயின் முழு நீளத்துக்கும் ஒன்றுசேர வேண்டும். இங்கே அவசரப்பட்டால் மேலே எந்தக் கல்லும் காப்பாற்றாது. பிறகு 5000, 8000, 12000. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை அழித்த பிறகே அடுத்தது. தடவைக் கணக்கு கேட்காதீர்கள், கீறலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால், மரபில் ஒரு பக்கத்துக்கு அதிகம், மறுபக்கத்துக்குக் குறைவாகத் தீட்டுவார்கள். சமமாகத் தீட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதலில் கத்தி வந்த நிலையைப் பார்த்து அதையே தொடருங்கள்.

கியோத்தோவின் நாகாயாமா போன்ற சுரங்கங்களின் இயற்கைக் கல்லை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் மேல் நாகுரா என்ற சிறு கல்லைத் தேய்த்து வரும் பால் போன்ற குழம்பில் தீட்டுவார்கள். போத்தான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று சொரசொரப்பானதிலிருந்து மென்மையானதுக்குப் போகும் வரிசை அது. இனிமையான வேலைதான், பர்ஸுக்கு ஆகாது.

ஒவ்வொரு ஷேவுக்கு முன்னும் தோல்பட்டை அவசியம். முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். ஐம்பது தடவை போதும். கூர் பார்க்கக் கட்டைவிரலில் தேய்க்காதீர்கள். தோலைத் தொடாமல் கை ரோமத்தின் மேல் ஓட்டினால் ரோமம் அறுபட வேண்டும்.

கேள்வி: சாமுராய்களின் கத்தி என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

சாமுராய்களும் மழித்தார்கள், அவ்வளவுதான். ஜப்பானுக்கு இது 6ஆம் நூற்றாண்டில் பௌத்தத்தோடு, துறவிகளின் தலை மழிக்க வந்தது. பிற்பாடு ஆண்கள் முன்னந்தலையையும் உச்சியையும் மழித்து மிச்சத்தைக் குடுமியாகக் கட்டினார்கள். அதற்குக் கத்தி எப்போதும் வேலையாக இருந்தது. 1871ல் குடுமியை எடுக்கலாம் என்று அரசு ஆணை வந்தது. மேற்கத்திய மடக்குக் கத்திகளும் அந்தக் காலத்தில் பரவின.

கேள்வி: பெண்கள் முகத்துக்குப் பயன்படுத்தலாமா? முடி தடிக்குமா?

தடிக்காது. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றும். ஜப்பானில் பெண்கள் சலூனுக்குப் போய் முகத்தின் பூனைமுடியை மழித்துக்கொள்வது சாதாரணம். அங்கே முகச் சவரம் முடிதிருத்துநர் உரிமம் உள்ளவர்களின் வேலை. அழகுக்கலை உரிமம் மட்டும் உள்ளவர்கள் மேக்கப்புக்காக லேசாகச் செய்யலாம். வீட்டில் தனியாகச் செய்வதென்றால் காப்புள்ள பிளேடே நல்லது.

கேள்வி: எங்கள் வீடு கடலோரம். இரண்டே நாளில் துரு.

குளியலறையில் வைக்காதீர்கள். கழுவியதும் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக மெல்லிய துணியால் துடைத்து, காற்றில் கொஞ்ச நேரம் உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள். ஜப்பானியர்கள் காமெலியா எண்ணெய் பூசுவார்கள். கனிம எண்ணெயும் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும்.

கேள்வி: தம்பியும் நானும் ஒரே கத்தியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், ஹெபடைட்டிஸ் பி பரவ. ஆளுக்கொன்று வாங்குங்கள், கற்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஊருக்கு விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில், வாய்க்கு உறை போட்டு வையுங்கள்.