பம்ப் கம்பெனி பக்கத்துக்கு நாலு கையெழுத்தா?

வணக்கங்க. கோவையில் பெரிய பம்ப் கம்பெனி, சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போடவே நான்கு துறை ஒப்புதல், அதற்குள் பொள்ளாச்சி டீலரும் கோபி டீலரும் கம்பெனி பெயரில் தனித்தனிப் பக்கம் நடத்துகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

டீலர் பக்கங்களை மூடச் சொல்லாதீர்கள். மோட்டார் சூடாகிறது என்று தோப்புக்காரர் கேட்பது டீலரிடம்தான். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நடுவில் ஒரு சின்னக் குழு இருக்கும். விதிகள், லோகோ, கடவுச்சொல், பயிற்சி அவர்கள் பொறுப்பு. எழுதுவது கிளைகள். கணினி நிறுவனமான ஐபிஎம் 2005-இல் வலைப்பதிவு விதிகளை ஊழியர்களையே விக்கியில், அதாவது எல்லோரும் சேர்ந்து திருத்தும் இணையப் பக்கத்தில், எழுத வைத்தது. நீங்களும் டீலர்களை உட்கார வைத்து விதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில்தான் உங்கள் கம்பெனி சறுக்குகிறது. விளம்பரத்துக்கு நான்கு கையெழுத்து இருக்கட்டும். புகாருக்குப் பதில் சொல்ல எதற்குங்க? வாரண்டி, பணம், மின்சார விபத்து என்றால் மட்டும் மேலே போகட்டும். மற்றதற்குச் சர்வீஸ் ஆள் ஒருவரே அன்றைக்கே பதில் சொல்லலாம். கணினி விற்கும் டெல் நிறுவனம் 2005-இல் வலைப்பதிவுப் புகார்களில் நன்றாக அடிபட்டது. அப்புறம்தான் தேடிப்போய்ப் பதில் சொல்லத் தொடங்கி, 2010 டிசம்பரில் இணையப் பேச்சைக் கவனிக்கத் தனி மையமே திறந்தது.

லைக் எண்ணிக்கையை முதலாளியிடம் காட்டாதீர்கள். எத்தனை புகார் வந்தது, எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது என்று காட்டுங்கள்.

இன்னொன்று, பக்கத்தின் அட்மின் உரிமை, அதை நடத்தித் தரும் விளம்பர ஏஜென்சியிடம் மட்டும் இருக்கக் கூடாது. பல்லடம் பக்கம் நான் வேலை பார்த்த மில்லில் ஏஜென்சியோடு சண்டை வந்து, பக்கத்தைத் திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தோம்.