பாலக்காட்டில் வாங்கிய எல்பி தாவுகிறதா?

நண்பரே, பாலக்காட்டுப் பழைய இசைத்தட்டுக் கடையில் வாங்கிய எல்பி தட்டில் ஊசி ஒரே இடத்தில் தாவுகிறது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் என்றீர்கள். திட்டுவதற்கு முன்னால் தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கீறல் நகத்தில் தட்டினால் ஒன்றும் செய்ய முடியாது, தட்டாவிட்டால் தூசியாகவும் இருக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, கோடு போகும் வட்டத்திலேயே துடையுங்கள், நடு லேபிளில் மட்டும் படக்கூடாது.

நானும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி அங்கே ஒரு கடைக்குப் போகிறவன்தான். விலைச்சீட்டு கிடையாது, ஆளைப் பார்த்து விலை சொல்வார், எரிச்சலாக வரும். ஆனால் கேட்காமலேயே உள்ளறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, உறையை ஊதிவிட்டு, ஊசி வைத்து 'கேளுங்க' என்பார் பாருங்கள், அதற்காகத்தான் போகிறேன். அடுத்த முறை காசு கொடுக்குமுன் இரண்டு பக்கமும் போடச் சொல்லுங்கள்.