துணைவர் விசா: வேலை முடியட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் கணவரோ மனைவியோ போடும் குடியேற்ற விசா மனு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல; வழக்கறிஞர் ஒருவரிடம் பதினெட்டு ஆண்டுகள் கோப்பு தயாரித்தவள். கைது, பழைய விசா மீறல், முந்தைய மறுப்பு உள்ளவர்கள் நேரே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

கேள்வி: கணவர் அமெரிக்கக் குடிமகன். திருமணமாகி ஏழு மாதம். நான் கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஐந்தாண்டு நிறைந்து பணிக்கொடை கிடைக்க இன்னும் பதினான்கு மாதம். அதுவரை மனுவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே அக்கா?

பதில்: சரியில்லை அம்மா. நாளைக் காலைதான் இட்லி என்பதற்காக மாவையும் நாளைக் காலையேவா அரைப்பீர்கள்? நீங்கள் தள்ளிப்போட வேண்டியது பயணத்தை. மனு இன்றே போகட்டும்.

கணவர் போடும் ஐ-130 மனு முதலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் கிடக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் கிடப்பதும் சகஜம். அந்தக் காத்திருப்பில் உங்கள் வேலைக்கு ஒரு சேதமும் இல்லை. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு, நேர்காணலுக்கு முன் படிவங்களையும் சான்றிதழ்களையும் திரட்டும் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். நிதானமாக நடக்க வேண்டுமென்றால் அதற்கான இடம் இதுதான். டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் சான்றிதழ்களையும் நீங்கள் கொடுத்து முடிக்கும் வரை மும்பை நேர்காணலுக்கு உங்களை அழைக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களுக்கு எழுதி, கோப்பு உயிரோடு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஓராண்டு வாய்திறக்காமல் இருந்தால் பதிவையே ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மசியால் வட்டமிட்டு வைப்போம். கைபேசி நினைவூட்டலை மட்டும் நம்பாதீர்கள்.

விசா குத்திய பிறகு மட்டும் நிதானம் கிடையாது. அது பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனைத் தேதியை ஒட்டி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதற்குள் அமெரிக்காவில் இறங்கியாக வேண்டும்.

தாமதத்தில் ஒரு லாபமும் உண்டு. திருமணமாகி இரண்டாண்டு நிறையும் முன் நுழைந்தால் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு கிரீன் கார்டு, அதாவது நிரந்தரவாச அட்டை. அது முடியும் முன்பான தொண்ணூறு நாட்களில், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட்டு, கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று இல்லறத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். இரண்டாண்டு நிறைந்த மறுநாள் நுழைந்தாலும் பத்தாண்டு அட்டை. உங்களுக்கு ஏழும் பதினான்கும் இருபத்தொன்று. மிச்சம் மூன்று மாதம் நோட்டீஸ் காலத்திலேயே கரைந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: விசா கையில் வரும் முன் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கணவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது, குடியுரிமை இல்லை. எங்களுக்கும் இதே கதைதானா?

பதில்: இல்லை. உங்களுடையது எஃப்2ஏ, கிரீன் கார்டு உள்ளவரின் துணைவருக்கான வரிசை. ஆண்டுக்கு இத்தனை விசா என்று வரம்பு உண்டு. மனு போட்ட நாள்தான் வரிசையில் உங்கள் இடம். நீங்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நடுவில் அவர் குடியுரிமை பெற்றால் வரம்பில்லாத பிரிவுக்கு மாறுவீர்கள். ஆனால் எஃப்2ஏவில் உங்கள் மனுவோடு ஒட்டிக்கொண்டு வந்த குழந்தைக்கு அங்கே ஒட்ட இடமில்லை, தனியாக ஐ-130 போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: டெக்சாஸில் என் கணவருக்குப் போன மாதம் வேலை போய்விட்டது. குடிமகன்தான். மனுவை நிறுத்தி வைக்கட்டுமா?

பதில்: ஐ-130 போடும்போது அவருடைய வருமானத்தை யாரும் கேட்பதில்லை. ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரத்தில்தான் அது வரும், அதுவும் பின்னால். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,437 டாலர் வேண்டியிருந்தது. பத்திரம் கொடுப்பதற்குள் அவருக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஒருவர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். அவருக்கு உங்களையும் சேர்த்துத் தலையெண்ணிக் கணக்குப் போடுவார்கள். சேமிப்பைக் காட்டலாம் என்றால், குடிமகனின் துணைவருக்குக் குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஊதியமில்லா விடுப்பில் போகலாமா?

பதில்: என் துறை அல்ல. உங்கள் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஏன் இவ்வளவு சுற்று? விசா வாங்கட்டும், இறங்கட்டும், அட்டை வரட்டும். பிறகு இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து முத்திரை வாங்கிக்கொண்டு போகட்டும். என் மாமா எட்டு ஆண்டு அப்படித்தான் இருந்தார்.

பதில்: வந்துவிட்டார் மாமா. எந்தக் கேள்வி பதிலிலும் ஒரு மாமா உண்டு.

ஆறு மாதம் என்ற எண் குடியுரிமை மனுவில் முக்கியம். அதற்கு மேல் வெளியில் இருந்தால் தொடர்ந்து வசித்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அட்டையைக் காப்பாற்றும் மந்திரம் அல்ல அது. விமான நிலைய அதிகாரி பார்ப்பது, உங்கள் வீடு எங்கே என்பதைத்தான். எங்கள் கட்சிக்காரப் பெண் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி, "திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்கு?" பதினேழு நாள் கழித்து, சென்னைக்கு. கைப்பையில் சென்னை அலுவலகத்தின் அடையாள அட்டை. ஐ-407 படிவத்தை நீட்டி, அந்தஸ்தை ஒப்படைத்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். கையெழுத்திட மறுத்துக் குடியேற்ற நீதிபதி முன் பேசும் உரிமை அவருக்கு இருந்தது, தெரியாமல் போட்டுவிட்டார்.

கேள்வி (அதே நபர்): ஆயிரத்தில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். ரீ-என்ட்ரி பெர்மிட் என்று ஒன்று இருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை ஐயா, உங்கள் மாமாதான் முந்திக்கொண்டார். நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அந்த பெர்மிட் நேர்மையான வழி. அமெரிக்க மண்ணில் இருக்கும்போது ஐ-131 போட வேண்டும், அதிகபட்சம் இரண்டாண்டு. தாயாரின் சிகிச்சை, முடியும் நாள் தெரிந்த ஒப்பந்த வேலை போன்றவற்றுக்கு நல்லது. ஆனால் அட்டை வாங்கிய நாளிலிருந்து கோவைச் சம்பளமும் அமெரிக்க வரிக் கணக்கில் வரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலர் தாண்டினால் தனி அறிக்கை வேறு. மாமா இவற்றைத் தாக்கல் செய்தாரா?

கேள்வி (அதே நபர்): அது அவர் விஷயம்.

பதில்: அப்படியானால் அவரை உதாரணம் காட்டாதீர்கள்.

கேள்வி (வேறொருவர்): மாமா சொன்னதில் தவறு என்ன என்று எனக்கும் புரியவில்லை.

பதில்: மேலே இருப்பதை இன்னொரு முறை படியுங்கள். இனி வரும் மாமாக்களுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசாவில் கணவரைப் பார்த்து வரலாமா?

பதில்: சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குடியேறும் எண்ணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தாயிற்று. மறுப்பதற்கு அது போதும். ஏற்கெனவே விசா இருந்தால் வேலைக் கடிதமும் விடுப்புக் கடிதமும் கையில் இருக்கட்டும். வேலையை விடக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: பதவி உயர்வு வரும் வரை மனுவைத் தள்ளிப்போடலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: செவிலியர் நான். அங்கே வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: குடியேற்ற விசாவில் இறங்கும் நாளிலிருந்தே வேலை செய்யலாம், முத்திரை விழுந்த விசாவே ஓராண்டுக்கு கிரீன் கார்டாகச் செல்லும். செவிலியர் உரிமம் வேறு விஷயம், அதைத் தருவது மாநில வாரியம். என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்க இந்தக் காத்திருப்பை விட நல்ல காலம் கிடைக்காது.

கேள்வி: நேர்காணல் அடுத்த வாரம். நேற்றே ராஜினாமா கொடுத்துவிட்டேன். பரவாயில்லையா அக்கா?

பதில்: ஏற்றுக்கொண்டதாக நிறுவனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் மேலாளரை அழைத்துத் திரும்பப் பெறுங்கள். வந்துவிட்டது என்றால், பணி விடுவிப்புத் தேதியைத் தள்ளிப்போடக் கேளுங்கள்.